இழையும் பிடிப்பும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, பல்பகுதியப் பொருட்களும் அவற்றில் இருந்து ஆகும் கூட்டுப்பொருட்களும் பற்றிய ஆய்வு. தலைப்பைக் கேட்ட செயற்குழு அக்கா ஒருவர், “பிள்ளையள், எங்களுக்கும் விளங்கிற மாதிரிக் கதையுங்கோ. நாங்கள் இரசாயனத்தை விட்டு நாப்பது வருசமாச்சு” என்றார். அந்த அக்காவை மனத்தில் வைத்தே இதை எழுதினோம்.

எழுதினோம் என்பது மரியாதைப் பன்மை அல்ல. நாங்கள் மூவர். மூவரும் இக்கல்லூரியின் மாணவிகளாக உயர்தரத்தில் ஒன்றாக இரசாயனம் படித்தவர்கள். வாங்கு மட்டும் அடிக்கடி இடம் மாறியது. எங்களில் ஒருத்தி இன்று கிளிநொச்சியில் இரசாயனம் படிப்பிக்கிறாள். ஒருத்தி செயற்கை அவயவங்கள் செய்யும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். மற்றவள் புலம்பெயர்ந்த நாடொன்றில், காற்றாலை இறகுகளுக்கான பொருட்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் பேசுவது மூவரும்தான்.

முதலில் ஒரு தறப்பாளில் இருந்து தொடங்குகிறோம்.

வன்னியில் வாழ்ந்த எவருக்கும் தறப்பாளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இடம்பெயர்ந்து போன ஒவ்வோர் ஊரிலும் அது கூரையாக, சுவராக, பாயாக, மழைநீர் ஏந்தும் தொட்டியாக, சில நாட்களில் இறந்தவரை மூடும் துணியாகவும் இருந்தது. 2009இல் செட்டிகுளத்து முகாமில் ஒரு வெள்ளைத் தறப்பாளின் கீழ் இருந்துதான் நாங்கள் பல்பகுதியங்கள் என்ற அலகைப் படித்தோம். மத்தியான வெக்கையில் ரீச்சர், “பொலிஎதிலீனுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கோ” என்று கேட்டபோது, எங்களில் ஒருத்தி தலைக்கு மேலே கையைக் காட்டினாள். வகுப்புச் சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. “சரியான விடை. ஆனால் அரைவாசி விடை. இன்னும் வடிவாப் பாருங்கோ” என்றார்.

வடிவாகப் பார்த்தோம். கிழிந்த ஓரத்தில், வெள்ளைப் பூச்சுக்கு உள்ளே கறுப்பு நாடாக்கள் பாய் பின்னியதுபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓடின. நிவாரணத் தறப்பாளின் அமைப்பே அதுதான். நடுவில் உயர் அடர்த்திப் பொலிஎதிலீன் நாடாக்களால் நெய்த துணி. இரு பக்கமும் தாழ் அடர்த்திப் பொலிஎதிலீன் படலம். நெசவு மட்டும் இருந்தால் மழை ஒழுகும். படலம் மட்டும் இருந்தால் முதற் சோளகத்திலேயே பிய்ந்து போகும். இரண்டும் ஒட்டி நின்றால் ஒரு குடும்பம் அதன்கீழ் மாரியைக் கடக்கும். கடைப் பையில் ஒரு சிறு கீறல் விழுந்தால் அது அடிவரை ஓடும். தறப்பாளில் விழுந்த கீறல் அடுத்த நாடாவில் தடுத்து நிற்கும்.

கூட்டுப்பொருள் என்பதன் முழு இலக்கணமும் இதற்குள் இருக்கிறது. பாரத்தைத் தாங்க ஓர் இழை. அந்த இழைகளை இடம் பெயராமல் பிடித்து வைக்க ஒரு பிணைப்பொருள். மூன்றாவதாக, இவ்விரண்டுக்கும் இடையிலான பிடிப்பு. எங்கள் அம்மம்மாமார் மண்வீடு கட்டும்போது களிமண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதித்தார்களே, அதுவும் கூட்டுப்பொருள்தான். வைக்கோல் இல்லாத மண் காய்ந்ததும் வெடிக்கும். மண் பிடிக்காத வைக்கோல் காற்றில் பறக்கும்.

பழைய தறப்பாளுக்கு என்ன நடக்கும் என்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். சில கோடை வெயில் கண்டதும் பூச்சு செதிள் செதிளாக உரிந்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டும். சூரிய ஒளியில் உள்ள ஊதாக்கடந்த கதிர்கள் பல்பகுதியச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. பூச்சின் பிடி விட்டபின் உள்ளே நாடாக்கள் முழுதாக இருந்தும் பயனில்லை. பலம் இழையில் மட்டும் இல்லை, பிடிப்பிலும் இருக்கிறது என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்க முன்னர், ஒழுகிய கூரையில் படித்துவிட்டோம். இந்த ஒரு சொல்லை, ‘பிடிப்பு’ என்பதை, இந்த உரை முழுவதும் கூடவே கொண்டு வாருங்கள்.

இனி, சங்கிலி என்று சொன்னோமே, அது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட மாலைதான் பல்பகுதியம். இவ்வளவு நீளமான மூலக்கூறுகள் இருக்க முடியும் என்று ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஹெர்மன் ஸ்ரவுடிங்கர் 1920இல் எழுதியபோது, அவருடைய துறையினரே நம்பத் தயங்கினர். 1953இல் அதே கருத்துக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பருத்தி, பட்டு, இறப்பர், பனந்தும்பு எல்லாம் இயற்கை தந்த பல்பகுதியங்கள். பொலித்தீன், நைலோன், பொலிபுரொப்பிலீன் ஆகியவை மனிதர் கோத்த மாலைகள்.

இந்தச் சங்கிலிகள் இருக்கும் விதம் இரண்டு. ஒன்று இடியப்பம் போன்றது. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும், ஆனால் முடிச்சு இல்லை. சூடாக்கினால் ஒன்றையொன்று வழுக்கும், பொருள் இளகும். ஆறவிட்டால் புது வடிவில் இறுகும். பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் இந்த வகை. மற்றது மீன்வலை போன்றது. இழைக்கு இழை முடிச்சு விழுந்துவிடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் இளகாது, கடைசியில் கருகும். படகு செய்யும் பிசின் இந்த வகை. இடியப்பமும் வலையும் என்ற வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். ஒரு பொருளைத் திருத்தலாமா, திரும்ப உருக்கலாமா, அது என்றைக்கும் குப்பையாகவே கிடக்குமா என்பதெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

இனி, பேசக் கடினமான ஒன்றைப் பேசுகிறோம். எமது மண்ணில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளிற் பலவற்றின் உடலும் பிளாஸ்ரிக்தான். உலோகம் தேடும் கருவிக்கு இலகுவில் அகப்படக்கூடாது என்பதற்காகவே இப்படிப்பட்ட வெடிகளில் உலோகத்தை மிகச் சிறிதாக்கி, மிச்சத்தை மக்காத பொருளில் வார்த்தார்கள். தறப்பாள் வெயிலில் சில வருடங்களில் உதிர்ந்துவிடுகிறது. மண்ணுக்குள் வெயில் இல்லை. அங்கே அந்தப் பிளாஸ்ரிக் பல பத்து வருடங்கள் கெடாமல் காத்திருக்கும். ஒரே இரசாயனம் ஒரு பிள்ளைக்குக் கூரையாகவும் இன்னொரு பிள்ளைக்குக் கண்ணியாகவும் இருந்தது.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதற்குப் பல வருடங்கள் முன்பே முகமாலையிலும் மற்ற இடங்களிலும் எமது பெண்கள் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டி வெடிகளை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கணவரை இழந்தவர்களும் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் நிறையப்பேர். அவர்கள் முகத்தை மூடும் கண்ணாடி போன்ற கவசம் கண்ணாடி அல்ல. பொலிக்காபனேற்று என்ற பல்பகுதியம். இத்தகைய காப்பு மேலங்கிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது அரமிட் என்ற இழை. அந்த இழைக் குடும்பத்தில் பெயர்பெற்ற கெவ்லரைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண். ஸ்ரெபனி குவோலெக். மருத்துவம் படிக்கப் பணம் சேர்ப்பதற்காக அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் இரசாயன வேலைக்குச் சேர்ந்தவர், அந்த வேலையிலேயே நின்றுவிட்டார். 1965இல் அவர் தயாரித்த ஒரு கரைசல் வழமைக்கு மாறாகக் கலங்கலாக, தண்ணீர்போல ஓடியது. அதை நூற்கும் பொறியில் இட்டால் துளைகள் அடைபடும் என்று பொறியை இயக்கியவர் மறுத்தார். குவோலெக் விடவில்லை. கடைசியில் நூற்றுப் பார்த்தபோது, நிறைக்கு நிறை உருக்கிலும் ஐந்து மடங்கு பலமான இழை வந்தது. கலங்கலாக இருக்கிறதே என்று அதை ஊற்றிவிட்டிருந்தால்? வகுப்பில் இருக்கும் தங்கைமாரே, உங்கள் பரிசோதனையில் எதிர்பாராத விடை வந்தால், உடனே ஊற்றிவிடாதீர்கள்.

வெடி எடுப்பதற்கு முன்னரே கால் இழந்தவர்களுக்கு என்ன செய்தோம்? இங்கேதான் பல்பகுதிய ஆய்வு எமது வாழ்வை மிக நெருங்கி வருகிறது.

1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில், எலும்பு முறிவு வைத்தியர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். அதுவரை கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துப் போடுபவருக்கும் கதிரையில் இருப்பவருக்கும் செய்யப்பட்டவை. எமது பக்கத்து மனிதர் வெறுங்காலோடு நடப்பவர், குந்தி இருப்பவர், சம்மணம் கொட்டிச் சாப்பிடுபவர், சேற்று வயலில் இறங்குபவர். ஜெய்ப்பூர் பாதத்தின் உள்ளே குதியிலும் முன்பாதத்திலும் மென்மையான இறப்பர். கணுக்கால் பக்கம் மரம். ரயருக்குள் இருப்பதுபோன்ற நூல் பதித்த இறப்பர் சுற்று. வெளியே தோல் நிற இறப்பர், விரல்கள் உட்பட. எல்லாவற்றையும் அச்சில் வைத்துச் சூடாக்கி ஒன்றாக்குவார்கள். அதாவது, அந்தப் பாதமும் ஒரு கூட்டுப்பொருள். சேத்திக்கு 1981இல் மக்சாயசாய் விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனம் போர் நடந்த வருடங்கள் முழுவதும் வடக்கு மக்களுக்கு இந்தக் கால்களைச் செய்து கொடுத்தது. அந்தப் பாதத்தோடு வற்றாப்பளை அம்மன் வீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம். அது சின்ன விசயம் இல்லை.

பாதத்துக்கு மேலே, வெட்டுண்ட காலின் மிச்சம் இருக்கும் கிண்ணம் உண்டு. உண்மையில் கால் பொருந்துவதும் பொருந்தாததும் இங்கேதான். முன்னர் அலுமினியத் தகட்டில் தட்டிச் செய்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாய் செய்யும் உயர் அடர்த்திப் பொலிஎதிலீன் வந்தது. 1990களில் இருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பொலிபுரொப்பிலீன் முறையைப் போர் கண்ட பல நாடுகளிலும் பரப்பியது. செய்யும் விதம் இது. காலின் மிச்சத்தைச் சுற்றி பிளாஸ்ரர் துணி சுற்றி அச்செடுப்போம். அந்த அச்சுக்குள் சாந்து ஊற்றி, காலின் வடிவில் ஒரு பிரதி எடுப்போம். பாரம் தாங்கக்கூடிய இடத்தில் பிரதியைச் சற்றுச் சுரண்டுவோம். எலும்பு துருத்தும் இடத்தில் சாந்து சேர்த்துத் தணிப்போம். பொலிபுரொப்பிலீன் தகட்டை ஏறத்தாழ 180 பாகை செல்சியசில் அடுப்பில் வைத்தால், அது கண்ணாடிபோலத் தெளிந்து துவளும். இருவர் கையுறையோடு தூக்கிப் பிரதியின்மேல் போர்த்தி, உள்ளிருந்து காற்றை உறிஞ்சினால் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆறியதும் வெட்டி, ஓரம் தேய்த்து, உள்ளே மெத்தென்ற உறை வைப்போம். இடியப்ப வகைப் பிளாஸ்ரிக் என்பதால் ஓரிடம் நோகிறது என்றால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கிச் சற்று வெளியே தள்ளலாம். மலிவு, பாரம் குறைவு, துருப்பிடிக்காது.

இவ்வளவும் சொன்ன நாங்கள், அதன் குறையையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தி வேலை செய்யும் இடத்துக்கு ஒரு தாய் வருவார். தோட்டம் செய்கிறவர். கால் பொருத்தி ஒரு மாதத்தில் புண்ணோடு வந்தார். அளவு சரி, அச்சுச் சரி, நடையும் சரி. ஏன் புண் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “பிள்ளை, கால் நல்ல கால். ஆனால் பத்து மணிக்குப் பிறகு உள்ளுக்கை அவியுது. கழட்டினா வேர்வை ஊத்துது. வழுக்கிற காலோடை எப்பிடி மண்வெட்டி பிடிக்கிறது?”

பிடிப்பு போய்விட்டது. பொலிபுரொப்பிலீன் காற்றை விடாது, வேர்வையை உறிஞ்சாது, சூட்டையும் இலகுவில் கடத்தாது. தோலுக்கும் உறைக்கும் இடையில் வேர்வை நின்றால் கால் வழுக்கும், வழுக்கினால் உரசும், உரசினால் புண். குளிர் நாட்டில் ஒருவர் இதை இவ்வளவு உணரமாட்டார். வைகாசி வெயிலில் வன்னித் தோட்டத்தில் நிற்பவருக்கு அது நாளாந்தப் பிரச்சினை. அதற்கு விடை தேடுவது எங்கள் வேலை. அந்தத் தாய் ஓர் ஆய்வுத் தலைப்பை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்படி ஒரு நோயாளியின் குறையில் இருந்து நல்ல ஆய்வு பிறக்கும் என்பதற்கு எமக்கு அருகிலேயே சான்று உண்டு. இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் ஏவுகணைக்காகப் பாரம் குறைந்த காபன் கூட்டுப்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். ஹைதராபாத் நிசாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு வைத்தியர் ஒருவர் ஆய்வுகூடத்துக்கு வந்து, அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு கலாமைத் தன் விடுதிக்கு அழைத்துப்போய், மூன்று கிலோவுக்கு மேலான இரும்புத் தாங்கிகளை இழுத்து நடக்கும் சிறுவர் சிறுமியரைக் காட்டினார். மூன்றே வாரத்தில் 300 கிராம் நிறையில் தாங்கி செய்து கொடுத்ததாகக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். அங்கே பொருள் முன்னரே இருந்தது. வைத்தியர் கொண்டுவந்தது அந்தப் பிள்ளைகளின் கேள்வியை.

அடுத்தது கடற்கரை. எங்கள் தாத்தாமாரின் வள்ளம் மரம். வலை பருத்தி நூல். பிறகு நைலோன் வலையும் கண்ணாடி நார்ப் படகும் வந்தன. குருநகரில் வலையும் காரைநகரில் படகும் செய்த சீநோர் நிறுவனத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவைத் துடைத்துப் போனபின், உதவியாக வந்த படகுகளிற் பெரும்பாலானவையும் கண்ணாடி நார்ப் படகுகளே. அச்சின்மேல் வழவழப்பான மேற்பூச்சு. அதன்மேல் கண்ணாடி நார்ப் பாய். அதை நனைக்கும் பொலியெசுத்தர் பிசின். பிசினை இறுக வைக்கும் ஊக்கி. அடுக்கடுக்காகப் போட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் உருட்டுவார்கள். குமிழி நின்ற இடத்தில் நாரும் பிசினும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் பின்னொரு நாள் படகு வெடிக்கும்.

திருத்த வேலையிலும் அதே கதைதான். படகு வெடித்தால் சிலர் அவசரத்துக்கு ஈரத்தின்மேலேயே பிசின் பூசி நார் ஒட்டிவிடுவார்கள். பார்க்க வடிவாக இருக்கும். இரண்டு கிழமையில் தகடாகக் கழன்று வரும். வெடிப்பைச் சுற்றிச் சாய்வாகத் தேய்த்து, உப்பும் எண்ணெயும் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். நாரும் பிசினும் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் ஒட்டும் முகத்தில்.

ஆனால் முற்றாக உடைந்த படகை என்ன செய்வது? இது வலை வகைப் பிளாஸ்ரிக். உருகாது, மக்காது. ஆழிப்பேரலையும் போரும் உடைத்த படகுகளும் பழுதாகிக் கைவிட்டவையும் கரையோரப் பற்றைகளுக்குள் கிடக்கின்றன. எரித்தால் நச்சுப் புகை. உள்ளே கண்ணாடி நார் மிச்சம். பளைப் பக்கம் ஏ9 வீதியில் வரும்போது தெரியும் காற்றாலைகளின் இறகுகளும் இதே குடும்பம்தான். அவற்றுக்கும் ஒருநாள் வயது முடியும். உலகம் முழுவதும் ஆய்வாளர் இதற்கு விடை தேடுகிறார்கள். எங்களில் புலம்பெயர்ந்தவள் நாளாந்தம் செய்வதும் இதுதான். கழிந்த இறகுகளை நொறுக்கிச் சீமெந்து ஆலையில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் சேர்ப்பது நடைமுறையில் இருக்கும் ஒரு வழி. தேவையானபோது முடிச்சை அவிழ்க்கக்கூடிய புதிய பிசின்களைச் செய்வது இன்னொரு வழி.

கடைசியாக, எமது காலடியில் கிடக்கும் இழையைப் பற்றிச் சொல்கிறோம். பனை மட்டையில் இருந்து எடுக்கும் தும்பு, அடிப்படையில் செலுலோசு என்ற பல்பகுதியம். கண்ணாடி நாரிலும் பாரம் குறைவு, விலை குறைவு, கடைசியில் மண்ணோடு மண்ணாகும். இதைப் பழைய பிளாஸ்ரிக்கோடு சேர்த்துப் பலகை செய்ய முடியாதா என்று எல்லாருக்கும் தோன்றும். தடை ஒன்று உண்டு. தும்பு தண்ணீரை விரும்பும். பிளாஸ்ரிக் தண்ணீரை வெறுக்கும். இரண்டும் இலகுவில் பிடிக்காது. பிடிக்காமல் அழுத்திய பலகையை முறித்தால், தும்பு முறியாமல் முழுசாக உருவிக்கொண்டு வரும். அதனால் தும்பை ஐதான எரிசோடாக் கரைசலில் ஊறவைத்து, மேலுள்ள மெழுகையும் பிசுக்கையும் அகற்றிக் கழுவிக் காயவிடுவார்கள். மேற்பரப்பு சொரசொரப்பாகும்; பிளாஸ்ரிக் பற்றிக்கொள்ளும். கரைசல் கடுமையானால் தும்பே பலம் இழக்கும். எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் என்பதுதான் ஆய்வு.

எரிசோடா என்றதும் மூத்த அக்காமாருக்குப் பரந்தன் நினைவு வந்திருக்கும். ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுத்து, எரிசோடாவும் குளோரீனும் எடுத்த இரசாயனத் தொழிற்சாலை 1950களில் தொடங்கி அங்கே இயங்கியது. போர் அதை நிறுத்திவிட்டது. உப்பு எங்களிடம் இருந்தது, ஆலை இருந்தது, பனையும் இருந்தது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் காலம்தான் கிடைக்கவில்லை. அதேபோல இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல்லின் உமியைச் சரியான வெப்பத்தில் எரித்தால், சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. அது இறப்பரைப் பலப்படுத்தப் பயன்படும் நிரப்பி. நாங்கள் அதை வரம்பில் கொட்டுகிறோம்.

பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. பனந்தும்புப் பலகையில் இன்று படகு செய்யலாம், கால் செய்யலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரை உறிஞ்சி வீங்கும் பொருளைக் கடலுக்கு அனுப்ப முடியாது. ஒரு மனிதர் தன் முழு நிறையையும் வைக்கும் காலுக்கும் அவசரப்பட்டுக் கொடுக்க முடியாது. வகுப்பறைக் கதவு, மேசைப் பலகை, உட்தட்டி போன்ற மழை படாத இடங்களில் தொடங்கலாம். சிறிதாகத் தொடங்கிச் சரியாக அளந்தால் போதும்.

அளப்பதற்கு இப்போது இடமும் உண்டு. நாங்கள் படித்த காலத்தில் இரசாயனம் மேலே படிப்பதென்றால் யாழ்ப்பாணமோ பேராதனையோ கொழும்போதான். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. பஸ் எடுத்துப் போய் மாலையில் வீடு திரும்பும் தூரம். எமது தங்கைமார் அங்கே போகிறார்கள். அவர்கள் எந்தக் கேள்வியோடு போகிறார்கள் என்பதுதான் எமது கவலை.

ஆகவே பழைய மாணவிகளிடம் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, எமது கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்துக்கு நுட்பமான தராசு ஒன்றும், சூட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய சிறு உலர்த்தியும் வேண்டும். ஒரு தும்புப் பலகைத் துண்டைக் காயவைத்து நிறுத்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டுத் திரும்ப நிறுத்தால், அது எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று தெரியும். உயர்தர மாணவி ஒருத்தி செய்யக்கூடிய உண்மையான அளவீடு அது. இரண்டாவது, வெளிநாடுகளில் பொருளறிவியல், மருத்துவம், பொறியியல் துறைகளில் இருக்கும் அக்காமார் மாதத்தில் ஒரு மணித்தியாலம் கணினித் திரையில் வந்து எங்கள் பிள்ளைகளோடு கதைக்க வேண்டும். காசு அனுப்புவது நல்லது. கதைப்பது அதைவிட நல்லது. மூன்றாவது, செலவே இல்லாதது. நூலகத்தில் ஒரு கொப்பி வைக்கப்போகிறோம். செயற்கைக் கால் போட்டவர், படகு திருத்துபவர், வெடி எடுப்பவர், தோட்டம் செய்பவர் ஆகியோரிடம் போய், அவர்கள் பாவிக்கும் பொருளில் என்ன குறை என்று கேட்டு, பிள்ளைகள் அதில் எழுத வேண்டும்.

கொப்பியின் முதற் பக்கத்தை நாங்கள் எழுதிவிட்டோம். பத்து மணிக்குப் பிறகு அவியாத கால் எப்படிச் செய்வது? அதன்கீழ் நான்கு சிறு வேலைகள். வெள்ளைத் தகடும் கறுப்புத் தகடும் வெயிலில் எவ்வளவு சூடேறுகின்றன என்று அளப்பது. உறைக்குள் வைக்கும் துணிகளில் எது வேர்வையை விரைவாக எடுக்கிறது என்று பார்ப்பது. தகட்டில் துளையிட்டால் பலம் எவ்வளவு குறைகிறது என்று சோதிப்பது. நான்காவது, ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டி, சரியா என்று கேட்பது. இந்த நான்காவதை விட்டால் மற்ற மூன்றும் பிடிப்பில்லாத நார்.

எங்கள் ரீச்சர் அன்று தறப்பாளின் கீழ் அரைவாசி விடை என்று சொன்னார். மிச்சம் அரைவாசியை இந்தக் கொப்பியில் நிரப்ப வாருங்கள்.